டைம் ஆபீஸ் ராஜினாமா செய்த கதை

செல்போன் விளையாட்டை விட்டவர்கள் நாட்டில் ஏராளம். பரீட்சையில் தோற்றதால் விட்டவர்கள் உண்டு. போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்ததால் விட்டவர்கள் உண்டு. மனைவி பிடுங்கிச் சுவரில் அடித்ததால் விட்டவர்களும் உண்டு. ஆனால் எழுத்துமூலம் ராஜினாமாக் கடிதம் கொடுத்து, முப்பது நாள் நோட்டீஸ் காலத்தில் ஒழுங்காக வேலை பார்த்து, பொறுப்புகளை ஒப்படைத்து, கையெழுத்திட்ட விடுவிப்பு ஆணையை வாங்கிக்கொண்டு ஒரு விளையாட்டை விட்டு வெளியேறிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரோடு ஒரே அறையில் இரண்டு வருடம் குடியிருந்தேன் என்பது என் சொற்பமான பெருமைகளில் ஒன்று.

அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் அச்சடித்திருப்பார்கள். எங்கள் கம்பெனியில் அதைப் படித்தவர் யாருமில்லை. யார் எத்தனை மணிக்கு வந்தார், யாருக்கு எந்த ஷிப்ட், எவருக்கு எவ்வளவு ஓ.டி., எவர் சொல்லாமல் லீவு போட்டார் என்று கணக்கு வைக்கிற இடத்துக்கு டைம் ஆபீஸ் என்று பெயர். அந்த இடத்தில் அவர் பதினாறு வருடம் உட்கார்ந்திருந்ததில் நாற்காலியும் அவரும் ஒன்றாகி, அவரையே ‘டைம் ஆபீஸ்’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

சட்டைப் பையில் மூன்று பேனா. வந்தவனுக்கு நீலம், வராதவனுக்குச் சிவப்பு, ஓ.டி.க்குப் பச்சை. “சாப்டீங்களா?” என்று யாராவது மரியாதைக்குக் கேட்டால், “எட்டு பதினேழுக்கு” என்பார். சக ஊழியர் ஒருவரின் அப்பா இறந்து துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், எல்லோரும் “எப்படிப் போச்சு?” என்று கேட்டுக்கொண்டிருக்க, இவர் “எத்தனை மணிக்கு?” என்றார். சொன்னார்கள். “ஓ, ஷிப்ட் மாறுற நேரம்” என்று ஆழ்ந்த வருத்தத்தோடு தலையசைத்தார்.

இது 2014 வாக்கில். ஒரகடத்தில் கார்க் கதவோரங்களில் ஒட்டுகிற ரப்பர் பீடிங் செய்யும் கம்பெனி ஒன்றின் ஸ்டோர்சில் நான் இருந்தேன். குடும்பம் தஞ்சாவூரில். மகள் ஒன்பதாம் வகுப்பு. மாதம் இரண்டு முறை ஊருக்குப் போய் “நன்றாகப் படி” என்று சொல்லிவிட்டுத் திரும்புகிற தகப்பன் நான். ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் எனக்கு ஒரு கட்டில், டைம் ஆபீசுக்கு ஒரு கட்டில். அவருக்கு முப்பத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. ஜாதகம் பார்க்க வந்தவர்களிடம் பிறந்த நேரத்தை அவர் வினாடி சுத்தமாகச் சொல்லிவிடுவதால் பொருத்தம் அமையவில்லை என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மாரி, வருகைக் கார்டு அடிக்க மறந்த ஒரு நாளைச் சரிசெய்து தரும்படி கேட்க அறைக்கு வந்தான். பக்கத்து வல்லத்துக்காரன். வந்தவன் என் கட்டிலில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டே பேசினான். போனுக்குள் ஓர் ஊர் இருந்தது. சுற்றி மதில், நடுவில் கஜானா, வில்லும் கையுமாகச் சின்னச் சின்ன ஆட்கள்.

“இன்னாபா இது?” என்றார் டைம் ஆபீஸ்.

“கேமு சார். நம்ம ஊர நாம கட்டிக்கணும், அட்த்தவன் ஊர ஒடைக்கணும். ஒரு கூட்டமா சேந்து இன்னொரு கூட்டத்தோட சண்ட போடலாம். ஒருநா ரெடி பண்றது, ஒருநா அடிக்கறது. ஆளுக்கு ரெண்டு அட்டாக்கு. நம்ம கம்பெனி ஆளுங்கோ முப்பத்தெட்டு பேரு கீறோம்.”

“ரெண்டு அட்டாக்கும் எல்லாரும் போடறாங்களா?”

“எங்க சார். பாதிப் பேரு மறந்துட்றானுங்கோ.”

“யாரு வரல, யாரு வந்தான்னு யார் பாக்கறது?”

“அத்தெல்லாம் யாரு சார் பாக்கறாங்கோ?”

டைம் ஆபீசின் முகம் மாறியதை நான் பார்த்தேன். மற்றவர்களை அந்த விளையாட்டுக்குள் இழுத்தது வெற்றி, வெறி, வேலையில்லாத நேரம். அவரை இழுத்தது ஒன்றே ஒன்று. உலகத்தில் எங்கோ ஒரு படை வருகைப் பதிவேடு இல்லாமல் போருக்குப் போகிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

ஒரு மாதத்தில் அவர் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர். என்னைத் துணைத் தலைவராக்கினார். நான் வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். ஆனால் நாற்பத்திரண்டு வயதுவரை எதற்கும் துணைத் தலைவராக இருந்திராதவனுக்கு அந்தப் பதவி என்ன செய்யும் என்பது இருந்திராதவர்களுக்குத்தான் தெரியும். கூட்டத்தின் பெயரைச் சீறும் சிங்கங்கள் என்று வைக்கலாம் என்றான் மாரி. எங்கள் கம்பெனியின் முதல் தொழிற்சாலை மறைமலை நகரில் இருந்ததால், டைம் ஆபீஸ் ‘ஒரகடம் யூனிட் – 2’ என்று வைத்தார். அந்தப் பெயரைக் கேட்டு எந்த எதிரியும் நடுங்கியதாகத் தகவல் இல்லை.

எங்கள் கம்பெனியில் போனைக் கேட்டிலேயே கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். ஆகவே ஏ ஷிப்டில் ரப்பர் செய்கிறவன் பி ஷிப்டில் போர் செய்ய வேண்டும், பி ஷிப்ட்காரன் சி ஷிப்டில் என்று டைம் ஆபீஸ் அட்டவணை போட்டார். நீளமான நோட்டு ஒன்று வாங்கி, நாற்பது பேரையும் ஊழியர் எண்ணோடு எழுதி, தினமும் நீலம், சிவப்பு, பச்சை. ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டால் சி-ஆஃப், அதாவது வார விடுமுறையில் வேலை செய்ததற்கு ஈடாக இன்னொரு நாள் விடுப்பு. உத்தரவில்லாமல் அடித்தால் மெமோ. சாத்தூர்க்காரன் கணேசன் ஒருமுறை மெமோ வாங்கிக்கொண்டு, “அண்ணாச்சி, பஸ்ல போகையில கை பட்டுட்டு. அதுக்கு விளக்கம் எழுதித் தரணுமாக்கும்?” என்று பரிதாபமாகக் கேட்டான். எழுதித்தான் தந்தான்.

அதே கணேசன் விளையாட்டை விட்டு விலகுகிறேன் என்று வந்தபோதுதான் ஏழாம் விதி பிறந்தது. “சும்மா போயிட முடியாது தம்பி. முப்பது நாள் நோட்டீஸ் குடுக்கணும். நோட்டீஸ் காலத்துல லீவு எடுத்தா, எத்தன நாள் எடுத்தியோ அத்தன நாள் நோட்டீஸும் நீளும்.” கணேசன் நோட்டீஸ் கொடுத்தான், இடையில் ஊர்த் திருவிழாவுக்குப் போனான், நோட்டீஸ் நீண்டது, அதற்குள் மறுபடி பொங்கல் வந்தது. எனக்குத் தெரிந்து அவன் இன்னும் நோட்டீஸ் காலத்தில்தான் இருக்கிறான்.

சரி, தலைவராயிற்றே, பிரமாதமாக ஆடுவார் என்று நினைக்க வேண்டாம். அவரைவிட மோசமாக ஆடியவன் எங்கள் கூட்டத்தில் நான் மட்டும்தான். எதிரியின் மதிலுக்கு முன் நூறு வில்லாளிகளையும் மொத்தமாக இறக்குவதுதான் முறை. இவர் ஒவ்வொருவராக இறக்குவார், கார்டு அடிக்கிற வரிசை மாதிரி. முதல் ஆள் செத்த பிறகுதான் இரண்டாம் ஆள் உள்ளே போவான். “தள்ளாதீங்கப்பா, ஒவ்வொருத்தரா” என்று வாய்விட்டே சொல்வார்.

நேரம் போனது. சாதாரணமாகப் போகவில்லை. மாலை மூன்றரைக்கு ஏ ஷிப்ட் முடிந்ததும் எங்கள் ஆட்கள் ஒரே நேரத்தில் கேட்டை நோக்கி ஓடுவதைப் பார்த்து செக்யூரிட்டி தீ விபத்து என்று நினைத்து மணியடித்தான். நான் படிக்க வாங்கி வைத்த புத்தகங்களின் மேல் போன் சார்ஜரை வைத்திருந்தேன். தஞ்சாவூரிலிருந்து மனைவி பேசும்போது ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஆடுவேன்.

“எங்கம்மா அடுத்த வாரம் வர்றாங்க. ஒரு மாசம் இருப்பாங்களாம்” என்றாள் ஒரு நாள்.

நான் பக்கத்துக் கட்டிலைப் பார்த்து, “வரட்டும். கதவத் தொறந்து விடுங்க. உள்ள வந்ததும் நாலு பக்கமும் அடிப்போம்” என்றேன்.

அதற்கப்புறம் பதினோரு நாள் என் மனைவி என்னோடு பேசவில்லை. அது சௌகரியமாக இருந்தது என்று நினைத்தேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு நாள் டைம் ஆபீஸ் அந்த நீள நோட்டைக் கேன்டீனில் மறந்து வைத்துவிட்டார். அது செக்யூரிட்டி கைக்குப் போய், அங்கிருந்து மனிதவளத் துறை மேனேஜர் மேசைக்குப் போனது. அவர் பிரித்துப் பார்த்த பக்கத்தில் இப்படி இருந்தது: ‘ஞாயிறு காலை பத்து மணிக்குத் தாக்குதல். அனைவரும் ஆயத்தமாக இருக்க வேண்டும். முதலில் மதில் சுவர், பிறகு கஜானா. வராதவர்கள் மீது நடவடிக்கை.’ கீழே நாற்பது பேர், ஊழியர் எண்ணோடு.

மேனேஜர் கேட்டை மூடச் சொல்லிவிட்டு, எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். நாங்கள் போனபோது நாற்காலியைக் கேடயம் மாதிரி முன்னால் வைத்துக்கொண்டு நின்றார்.

“யாருய்யா எதிரி? மேனேஜ்மென்ட்தானே?”

“இல்ல சார். பிரேசில்” என்றார் டைம் ஆபீஸ்.

மேனேஜருக்கு விளங்க ஐந்து நிமிடம் ஆனது. விளங்கிய பிறகு அவர் கதவைச் சாத்தினார். திட்டப் போகிறார் என்று தலை குனிந்து நின்றோம். அவர் மேசைக்குமேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, “எட்டாம் லெவல் மதில எப்படிய்யா ஒடைக்கறது? மூணு வாரமா நிக்கறேன்” என்றார்.

இப்படி நாங்கள் உச்சத்தில் இருந்தபோதுதான் வல்லக்கோட்டை வந்தது.

காஞ்சிபுரத்தில் இருந்த டைம் ஆபீசின் அக்கா ஒரு வரன் பார்த்தார். பெண் பெயர் ஜெயந்தி. வயது முப்பத்தைந்து. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். இரண்டு தம்பிகளைப் படிக்க வைத்து முடிப்பதற்குள் அவர் வயது நகர்ந்துவிட்டது. வல்லக்கோட்டை முருகன் கோயிலில் ஞாயிறு காலை பத்தரைக்குப் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. மாப்பிள்ளைத் தோழனாக நான். அன்று பதினொரு மணிக்கு ஒரு சண்டை முடிகிறது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவருக்கு இரண்டு தாக்குதல் பாக்கி.

மண்டபத்தில் உட்கார்ந்தோம். அக்கா பேசினார், பெண்ணின் அம்மா பேசினார். டைம் ஆபீஸ் ஜெயந்தியைப் பார்த்து, “உங்க கம்பெனில லேட்டா வந்தா கிரேஸ் டைம் எவ்வளவு மேடம்?” என்று கேட்டார். அவர் வாழ்க்கையில் ஒரு பெண்ணிடம் பேசிய மிக அந்தரங்கமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். “அஞ்சு நிமிஷம்” என்றார் ஜெயந்தி. “எங்களுது பத்து” என்றார் இவர் பெருமையாக. நல்ல ஆரம்பம் என்று நான் முருகனுக்கு நன்றி சொல்வதற்குள் பத்து ஐம்பதுக்கு அலாரம் அடித்தது. “எக்ஸ்கியூஸ் மீ” என்று எழுந்து போய் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

இரண்டு நிமிடம் கழித்து ஜெயந்தியும் எழுந்து போனார். நான் பதறிக்கொண்டு பின்னால் போனேன். அவர் டைம் ஆபீசின் தோளுக்குப் பின்னால் நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார். வில்லாளிகள் ஒவ்வொருவராகப் போய்ச் செத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏன் ஒண்ணொண்ணா அனுப்பறீங்க?” என்றார் ஜெயந்தி. “லைன் பேலன்ஸே இல்லியே. பத்துப் பேர் சும்மா நிக்கறாங்க, ஒருத்தர் வேல செய்யறாரு.”

டைம் ஆபீஸ் திரும்பிப் பார்த்தார். இத்தனை நாளில் அவர் அப்படி யாரையும் பார்த்து நான் கண்டதில்லை. அதற்குள் சண்டை முடிந்துவிட்டது. தோல்வி.

“இதுக்கு ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் போவுது?” என்று கேட்டார் ஜெயந்தி.

வேறு யாராக இருந்தாலும், ‘சும்மா கொஞ்ச நேரம்’ என்றிருப்பான். இவர் பொய் சொல்லத் தெரியாதவர். “சராசரியா ஆறு மணி பதினெட்டு நிமிஷம் மேடம்.”

“எட்டு மணி நேரம் வேல. ஆறே கால் மணி நேரம் இது. தூங்கறது, சாப்புடறது போவ என்கிட்ட எப்பப் பேசுவீங்க?”

அவர் வானத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டார். உண்மையாகவே போட்டார். கணக்கு வரவில்லை. முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு கலக்கத்தைப் பார்த்தேன்.

“விட்டுட்டு வாங்க” என்றார் ஜெயந்தி. “எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. விட்டாச்சுன்னா வாங்க, பேசலாம். விடலன்னா வராதீங்க. விட்டேன்னு பொய் சொல்லிட்டு மட்டும் வராதீங்க.”

“உடனே விட முடியாது மேடம். ப்ரொசீஜர் இருக்கு. லெட்டர் எழுத நாலு நாள். நோட்டீஸ் முப்பது நாள்.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் ஜெயந்தியும் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். விரல் விட்டு எண்ணினார். “அப்ப அஞ்சாவது ஞாயித்துக்கெழம. காலைல பத்து மணி, இதே எடம். நம்பரு அப்பத் தர்றேன்.”

வியாழக்கிழமை எனக்கு ராஜினாமாக் கடிதம் வந்தது. தலைவர் அவரே என்பதால், துணைத் தலைவரான எனக்கு எழுதியிருந்தார். ‘சொந்தக் காரணங்களை முன்னிட்டு’ என்று ஆரம்பித்து, ‘தங்கள் நல்லாதரவுக்கு நன்றி’ என்று முடிந்தது. ஒரே அறையில் நாலடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்து வாங்கினார்.

நல்ல மனிதனாக இருந்தால் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நானோ கூட்டம் சிதறிவிடுமே என்று கவலைப்பட்டேன். அவர் போனால் நாற்பது பேரை யார் மேய்ப்பது? மாரியும் நானும் கூடிப் பேசி, நல்ல ஆள் ராஜினாமா செய்தால் கம்பெனி என்ன செய்யுமோ அதையெல்லாம் செய்தோம். நிரந்தரத் தலைவர் என்று பதவி உயர்வு தருவதாகச் சொன்னோம். ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது என்றோம். “லெட்டர் குடுத்தாச்சு சார்” என்று ஒரே பதில். மூன்றாம் வாரம் தலைமைப் பொறுப்பை எனக்கு மாற்றி, நோட்டைப் பட்டியல் போட்டு ஒப்படைத்தார். ஒவ்வொரு சண்டையிலும் தன் இரண்டு தாக்குதலை மட்டும் ஒழுங்காகப் போட்டு, ஒழுங்காகத் தோற்றார். நாள்காட்டியில் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பச்சைப் பேனாவால் வட்டமிட்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பிரேசிலோடு சண்டை. அவர் இல்லையென்றால் ஒரு ஆள் குறையும். தலைவனான எனக்கு அது உறுத்தியது. வெள்ளிக்கிழமை மாலை நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவன் ஒன்றைக் கண்டுபிடித்தேன். கம்பெனியில் ஆடிட் நடந்த இரண்டு நாள் அவர் விளையாட்டுப் பக்கமே வரவில்லை. அவருடைய பெயருக்கு நேரே, அவர் கையாலேயே, இரண்டு சிவப்பு.

“டைம் ஆபீஸ், ஏழாம் விதிப்படி உங்க நோட்டீஸ் ரெண்டு நாள் நீளுது இல்ல?” என்றேன். ரொம்ப அப்பாவியாகத்தான் கேட்டேன். அல்பத்தனம் எப்போதும் அப்பாவிக் குரலில்தான் பேசும்.

அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “ஆமா சார். திங்கக்கெழம வரைக்கும் இருக்கு” என்றார். அவ்வளவுதான். போய்ப் படுத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை ஒன்பது மணி. நான் எழுந்து பார்க்கிறேன். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதியோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று பேனாவும் பையில் இருந்தன.

“கெளம்பலியா?”

“இன்னும் ரெண்டு நாள் இருக்கே சார்.”

“யோவ், அது சும்மா வெளையாட்டுய்யா. போய் விட்டுட்டேன்னு சொல்லுங்க. யாரு கேக்கப் போறா?”

“அவங்க கேப்பாங்க. விட்டாச்சான்னு கேப்பாங்க. விடலன்னுதான் சொல்லணும். விடலன்னா வராதீங்கன்னு சொல்லியிருக்காங்க.”

“அப்ப போன் பண்ணி ரெண்டு நாள் தள்ளி வரேன்னு சொல்லுங்க.”

“நம்பரு இன்னிக்குத்தான் சார் தரேன்னாங்க.”

குரலில் ஒரு குறையும் இல்லை. கார்டு அடிக்கத் தவறியவன் அரை நாள் சம்பளத்தை விட்டுக்கொடுப்பதுபோல, ஒரு வாழ்க்கையை விதிப்படி விட்டுக்கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்நேரம் பார்த்து மாரி சண்டைக்கு உத்தரவு கேட்டு வந்தான். விஷயத்தைச் சொன்னேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

“இன்னா ஸ்டோர்ஸ் சார் நீ? மன்ஷனா நீ? அந்தப் பொண்ணு அங்க வந்து குந்திக்கினு இருக்கும். நீ இங்க பிரேசில அடிக்க ஆள் புடிச்சினு கீறியா?”

“இப்ப என்னடா பண்றது?”

“நீதான சார் தலிவரு? எதுனா பண்ணு!”

நோட்டைப் பிரித்தேன். நாற்பத்திரண்டு வருட வாழ்க்கையில் எந்தப் புத்தகத்தையும் அவ்வளவு ஊன்றி நான் படித்ததில்லை. மணி ஒன்பதரை. பக்கம் பக்கமாகச் சிவப்பு, நீலம், பச்சை. பச்சை! போன ஞாயிறு, அதற்கு முந்தின ஞாயிறு, அதற்கும் முந்தினது, ஆயுத பூஜை, எல்லாவற்றிலும் அவர் பெயருக்கு நேரே பச்சை.

“டைம் ஆபீஸ்! லீவு நாள்ல சண்ட போட்டா சி-ஆஃப் உண்டா இல்லியா?”

“உண்டு.”

“நீங்க எத்தன நாள் எடுத்திருக்கீங்க?”

“நான் எதுக்கு சார் எடுக்கறேன்?”

“அந்த ஆடிட் ரெண்டு நாளையும் சி-ஆஃப்ல கழிச்சா அது லீவு ஆவுமா?”

அவர் உதடுகள் அசைந்தன. மாரியைப் போல எத்தனையோ பேருக்கு மாதக் கடைசியில் அவர் செய்து கொடுக்கிற வேலைதான் அது. தனக்கென்று ஒரு நாள்கூட லீவு எடுத்திராத மனிதருக்கு, அந்தச் சலுகை தனக்கும் உண்டு என்று தோன்றவே இல்லை.

“ரெகுலரைஸ் பண்ணலாம்” என்றார் மெதுவாக. “ஆனா மேலதிகாரி கையெழுத்து வேணும்.”

“நான்தான்யா மேலதிகாரி!”

“அப்ளிகேஷன் எழுதணும்.”

“எழுதித் தொலைங்க!”

எழுதினார். அந்த அவசரத்திலும் இடப்பக்கம் ஓரம் விட்டு எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். இரண்டு சிவப்பையும் அவர் அடித்து, மேலே பச்சையால் திருத்தி, சுருக்கொப்பம் போட்டார். பிறகு விடுவிப்பு ஆணை. ‘நேற்று மாலையுடன் தங்கள் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள். தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்’ என்று நான் எழுதும்போது மாரி, “சிறக்கட்டும் சார், சீக்கிரம் சிறக்கட்டும்” என்று கதவருகில் குதித்துக்கொண்டிருந்தான். கடைசியாக டைம் ஆபீஸ் போனை எடுத்து, கூட்டத்திலிருந்து விலகும் பொத்தானை அழுத்தினார். ‘நிச்சயமாகவா?’ என்று ஒரு கேள்வி வந்தது. ஆமாம் என்றார். விளையாட்டையே அழித்தார். அதுவும் ஒரு நொடியில் போயிற்று.

“இவ்ளோதானா?” என்றார் அதிர்ச்சியோடு. “காரணம்கூடக் கேக்கலியே சார்.”

மாரியின் பைக்கில் மூன்று பேர். கூட்டு ரோட்டில் கார் ஏற்றிய டிரெய்லர் ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. டைம் ஆபீஸ் கைக்கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கோயில் வாசலில் ஜெயந்தி எழுந்து கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் அம்மா குடையை விரித்துவிட்டார். டைம் ஆபீஸ் பைக் நிற்பதற்குள் குதித்து, செருப்பு ஒன்று கழன்று விழ, ஓடிப்போய் எதிரே நின்றார்.

“ஒம்போது நிமிஷம் லேட்டு” என்றார் ஜெயந்தி.

எத்தனை ஆயிரம் பேரை அவர் அப்படி நிறுத்திக் கேட்டிருப்பார்! இப்போது கைகட்டி நின்றார். “எங்களுது பத்து நிமிஷம் மேடம்” என்றார், கெஞ்சுகிற குரலில்.

விடுவிப்பு ஆணையை நீட்டினார். ஜெயந்தி அதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். திருப்பிப் பார்த்தார்.

“சீல் இல்லியே?”

டைம் ஆபீசுக்கு முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்தார். ஸ்டோர்ஸ் சீல் கம்பெனியில் என் மேசை டிராயரில் இருந்தது. எடுத்து வர ஓடலாமா என்றுகூட நான் யோசித்தேன். அப்போதுதான் ஜெயந்தி சிரித்தார். சிரித்த சிரிப்பில் அவர் அம்மா குடையை மடக்கிவிட்டார்.

“சும்மா சொன்னேங்க. வாங்க, உள்ள போலாம்.”

மாரியும் நானும் வெளியே டீக்கடையில் உட்கார்ந்தோம். என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பிரேசில் எங்கள் ஊரைத் தரைமட்டமாக்கிக்கொண்டிருந்தது, தலைவர் எங்கே என்று முப்பத்தேழு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் டீயைக் குடித்து முடித்தேன். பிறகு ஏழாம் விதியைக் காலில் போட்டு மிதித்து, நோட்டீஸ் எதுவும் கொடுக்காமல் அந்த விளையாட்டை அழித்தேன். “இன்னா சார், நீயுமா?” என்றான் மாரி. டபுள் ஷிப்ட் முடித்து சேஃப்டி ஷூவைக் கழற்றினால் பாதத்தில் காற்றுப் படுமே, அப்படி இருந்தது. வேறெதுவும் செய்யத் தோன்றாமல் கொஞ்சநேரம் ரோட்டில் போகிற கம்பெனி பஸ்களை எண்ணினேன். அப்புறம் மனைவிக்குப் போன் செய்து, அவள் சொன்னதையெல்லாம் முழு வாக்கியமாகக் கேட்டேன். பத்து நிமிடம் கழித்து அவள், “ஒங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றாள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. முகூர்த்தம் ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. ஐயர் வேகத்தைக் கூட்டும்படி மாப்பிள்ளை இரண்டு முறை சைகை காட்டினார். டைம் ஆபீஸ் தன் பெட்டியையும் மூன்று பேனாவையும் எடுத்துக்கொண்டு மறைமலை நகரில் ஒரு வீட்டுக்குக் குடிபோனார்.

அந்தக் கட்டிலுக்கு வேறு ஆள் போடலாமா என்று வீட்டுக்காரர் மாதாமாதம் கேட்டார். அடுத்த மாதம் எங்கள் கம்பெனியிலிருந்தே ஒருவர் வருகிறார், கொஞ்சம் பொறுங்கள் என்று புளுகினேன். எட்டு மாதம் கழித்து அறையைக் காலி செய்கிறவரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.